என் பின்னாலயே வா

மலையூரான கம்போங் ராஜாவில், ஒரு சாப்பாட்டுக்கடையில் மழைக்கு ஒதுங்கியிருந்தபோது, பக்கத்து மேசைக் காய்கறி லோரிக்காரர் என்னைத் தன் ஆன்லைன் விளையாட்டுக் குழுவில் சேர்த்துக்கொண்டார். நரைத்த மீசை, சேறு படிந்த பூட்ஸ். திரையைத் தொடும் முன் ஒவ்வொரு முறையும் பெருவிரலைச் சட்டையில் துடைத்துக்கொள்வார்.

ஆட்டம் தொடங்கியதும் அவருடைய கூட்டாளிகள் இருவர் போனில் கத்தினார்கள்: "ஒன்னும் தெரியாத ஆள ஏன் சேர்த்தீங்க? வெளிய தள்ளுங்க லா!"

ஆட்டத்தை விட்டு வெளியேறப் போனேன்.

"நான் போயிடுறேண்ணே. என்னால நீங்க தோத்துடுவீங்க."

"பயப்படாத தங்கச்சி. என் பின்னாலயே வா."

தோற்றோம். பல வருடம் சேர்ந்தாடிய அந்த இருவரும் அவரையே குழுவிலிருந்து நீக்கினார்கள். அவர் முகம் வெளிறியது. ஆனாலும், "ரெண்டு பேரு போதும் லா, இன்னொரு ஆட்டம் ஆடலாம்" என்றார்.

அவரைப் பிறகு பார்க்கவில்லை. இப்போது நானும் நன்றாக ஆடுகிறேன். புதியவர் யாராவது தடுமாறும்போது, அந்த இருவரைப் போல் கத்திவிடுவேனோ என்றுதான் பயமாக இருக்கிறது.