தறி எண்ணெய் குடித்த மோட்டார் சைக்கிள்

"நாள் முழுக்க ஓடுற என் தறிக்கே இந்த மெஷின் எண்ணெய் போதுது, உன் கிழட்டு வண்டிக்குப் போதாதாப்பா?" என்றார் பக்கத்து வீட்டு நெசவாளர். பிள்ளையார்பாளையத்தில் அவருக்குத் தெரியாததே கிடையாது. நானும் தலையாட்டிவிட்டு, தண்ணீராய் ஓடும் அதை இன்ஜினில் ஊற்றினேன். மறுநாளே டொக் டொக்கென்று சத்தம். "ராஜ நடைப்பா!" என்றார்.

அதை நம்பி மனைவியோடு செவிலிமேட்டுச் சாலையில் போனபோது இன்ஜின் இறுகிப் பின்சக்கரம் நின்றது. பின்னால் உட்கார்ந்திருந்தவள், வந்த லாரிக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தாள். சிராய்ப்போடு பிழைத்தாள்.

மெக்கானிக் வடித்த எண்ணெயில் பேரிங் தேய்ந்த தூள் சரிகையாய் மின்னியது. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியனாம்; இவர் முழு வைத்தியர்! இப்போதெல்லாம் மெக்கானிக் சொல்லும் கெட்டி எண்ணெயைத்தான் ஊற்றுகிறேன்.

எண்ணெய் வடித்த அன்று பட்டறைக்கு வந்த நம் நெசவாளர் தூளைப் பார்த்து, "வண்டிக்கு ராசியில்லப்பா" என்றார். பிறகு, தறி எண்ணெய்க் குப்பியும் கையுமாக, பக்கத்தில் நின்ற இன்னொருவருடைய வண்டியின் எண்ணெய் மூடியைத் திருகத் தொடங்கினார்.