காரின் பின்பக்கம் ஸ்டெல்லா அக்காவுடையது

சனிக்கிழமை காலை வெள்ளவத்தையில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது ஸ்டெல்லா அக்காவின் தம்பி அழைத்தார். "அக்கா போயிட்டா" என்றார். "எங்க?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. முதல்நாள் மாலைவரை என் பக்கத்தில் வேலை செய்துவிட்டுக் கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறியவர். விடியற்காலையில் நெஞ்சு நோகிறது என்றிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. வயது நாற்பத்திரண்டு.

பாமன்கடையில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைத் திருத்தும் எங்கள் கராஜை அறிந்தவர்களுக்கு அவரைத் தெரியும். தெரியும் என்றால், பார்த்திருப்பீர்கள். பலர் அவரிடம் தேநீர் கேட்டிருக்கிறீர்கள். "பிளேன்ரீ கடை முடக்குல இருக்கு சேர். உங்கட காருக்குக் கீழ போறதுதான் என்ட வேலை" என்று அவர் பதில் சொன்னதும் சிரித்திருப்பீர்கள். அது பகிடி இல்லை. துறைமுகப் பக்கம் லொறிகளுக்கு ஸ்பிரிங் தகடு வளைத்த பட்டறையில் பத்து வருடம் நின்றவர் அவர். எங்களிடம் வந்த பிறகு, ஒரு காரின் பின்சக்கரங்களைத் தாங்கும் அத்தனையும், ஸ்பிரிங், ஷொக் அப்சோர்பர், இரும்போடு இரும்பு உரசாமல் நடுவில் நிற்கும் றப்பர் புஷ் எல்லாமே அவருடைய பொறுப்பு. எஞ்சின் என்னுடையது. காரை எடுக்க வருகிறவர்கள் முன்மூடியைத் திறந்து என்னைப் பாராட்டிவிட்டுப் போவார்கள். பின்பக்கம் குனிந்து பார்த்தவர் ஒருவரையும் எனக்கு நினைவில்லை.

அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. ஸ்பிரிங்கைத் தாங்கும் றப்பர் புஷ்களின் போல்ட்டுகளைக் கார் உயரத்தில் தொங்கும்போது கடைசி இறுக்கு இறுக்கமாட்டார். அப்படி இறுக்கினால் றப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். கார் தரைக்கு வந்ததும் முறுக்கேறும், கொஞ்ச நாளில் கிழியும். ஆகவே சக்கரங்களில் பாரம் இறங்கவேண்டும், ஆசனத்தில் ஆளும் இருக்கவேண்டும். "ஆள் ஏறாத காருக்கு வேலை முடியல்ல" என்பார். கார் உரிமையாளரின் பருமனுக்கு ஏற்ற ஆளைக் கராஜில் தேடுவார். "டேய், இந்தச் சேருக்கு நீ காணாது. அந்த பற்றரியையும் மடியில வச்சுக்கொண்டு இரு." நாங்கள் உள்ளே விறைத்துப்போய் உட்கார்ந்திருப்போம், அவர் கீழே கிடந்து இறுக்குவார். இறுக்கி முடிந்த ஒவ்வொரு போல்ட்டிலும் சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு. அந்தக் கார்களின் ஆசனங்களில் எங்களில் பலர் அமர்ந்தது அப்படி மட்டும்தான், பாரமாக.

இனி எழுதப்போவது எனக்கு நல்ல பெயர் தராது.

ஒரு பச்சை நிற இரண்டு ஆசனக் கார் வந்தது. பழைய கார்களின் ஊர்வலம் ஒன்றுக்காகப் பின்பக்கத்தை இரண்டு அங்குலம் தாழ்த்தவேண்டும் என்றார் உரிமையாளர். பார்க்க எடுப்பாக இருக்குமாம். ஸ்டெல்லா அக்கா கீழே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். "ஸ்பிரிங் ஏற்கெனவே தொங்கிப்போச்சு சேர். இதுக்குள்ள கட்டை வச்சுத் தாழ்த்தினா, பள்ளத்துல விழுறப்போ பின் அக்சில் மேல வந்து கார்த் தளத்துல இடிக்கும். தகட்டைத் திரும்ப வளைச்சுத் தாறன். எண்ணெய் ஒழுகுற இந்தப் பழைய ஷொக்கையும் கழட்டிட்டுப் புதுசு பூட்டுவம். பிறகு ஆசையா ஓடுங்க." அந்த மனிதர் அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து, "இவ என்ன சொல்றா?" என்றார். தமிழில் சொன்னதைத் தமிழனிடம் தமிழிலேயே கேட்டார்.

"நான் செய்யமாட்டன்" என்றுவிட்டு அக்கா வேறு காருக்குப் போனார். முதலாளி என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நீர் செய்து குடும்." செய்தேன். பிழையென்று தெரிந்தே செய்தேன். அவசரத்தில் போல்ட்டுகளையும் கார் உயரத்தில் தொங்கும்போதே இறுக்கினேன்.

மூன்று வாரத்தில் கார் திரும்பி வந்தது. புஷ் இரண்டும் கிழிந்திருந்தன, தளம் நெளிந்திருந்தது. உரிமையாளர் வாசலிலேயே கத்தினார். "பொம்பிளையிட்ட வேலை குடுத்தா இப்பிடித்தான்." அந்த வேலையை என்னிடம் கொடுத்தது தானே என்பதை முதலாளி மறந்தாரோ, மறைத்தாரோ, ஒரு வார்த்தையும் விசாரிக்கவில்லை. "ஸ்டெல்லா, நாளையில இருந்து நீர் வரவேண்டாம்" என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். கையில் இருந்த ஸ்பானரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

அக்கா காருக்குக் கீழே போனார். அவருடைய ரோச் லைட்டின் வெளிச்சம் ஒவ்வொரு போல்ட்டாக நகர்ந்தது. ஒன்றிலும் சிவப்புக் கோடு இல்லை. வெளியே வந்து என் முன்னால் நின்றார்.

"டேய், நீ வாய் திறக்கப் போறியா, நான் திறக்கவா?"

"நான்தான் செய்தனான்" என்றேன்.

 நான் வேலை போகும் என்று காத்திருந்தேன். முதலாளி தலையைச் சொறிந்தார். பிறகு என் தோளில் தட்டி, "சரி தம்பி, இனிக் கவனம்" என்றார். அவ்வளவுதான். உரிமையாளரும் அதற்குமேல் கத்தவில்லை.

ஸ்டெல்லா அக்கா சிரித்தார். சந்தோஷச் சிரிப்பு இல்லை. "அதே போல்ட்டுதானே முதலாளி? நான் இறுக்கினா வீட்டுக்கு, இவன் இறுக்கினா இனிக் கவனமா?"

 இந்த நகரத்தில் எத்தனையோ கராஜ்களிலும் அலுவலகங்களிலும் அந்தக் கேள்விக்கு இன்னும் பதில் இல்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்கவும் முதலாளிக்கு வாய் வரவில்லை. "நாளைக்கு வாரும்" என்றார், ஏதோ தயவு செய்வதுபோல.

அக்கா மறுநாள் வந்தார். எனக்காக வரவில்லை. வீட்டில் அவர் உழைப்பைப் பார்த்து மூன்று பேர் இருந்தார்கள். கட்டைகளைக் கழற்றி எறிந்தார், தகடுகளை வளைத்தார், புதிய ஷொக் அப்சோர்பர் பூட்டினார். கடைசி இறுக்குக்கு முன் உரிமையாளரையே அழைத்தார். "ஏறி இருங்க சேர். நான் வெளியில வாற மட்டும் அசையக்கூடாது." அந்த மனிதர் இருபது நிமிடம் அசையாமல் இருந்தார். என்னோடு அக்கா ஒரு மாதம் கதைக்கவில்லை. பிறகு கதைத்தார். மன்னித்துவிட்டதாக ஒருபோதும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கொட்டாஞ்சேனையில், சாவீட்டில், முதலாளி கதிரையில் இருந்தபடி வந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். "எங்கட வீட்டுப் பிள்ளை மாதிரி. அவவின்ர வேலையில ஒருநாளும் ஒரு முறைப்பாடு வரயில்ல."

"ஒருக்கா வந்தது" என்றேன். "அது என்ர வேலை. நீங்கள் அவவைத்தான் போகச் சொன்னனீங்கள்."

முதலாளியின் முகம் சிவந்தது. பெட்டிக்கு அருகில் இருந்த தம்பி நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு இது தெரியாது. அக்கா வீட்டில் சொல்லியிருக்கவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து அவருக்குச் சொன்னேன்.

திங்கட்கிழமை கராஜில் எனக்கு வேலை இருக்கவில்லை, முதலாளி நிறுத்திவிட்டார். ஸ்டெல்லா அக்காவிடமிருந்து என்னிடம் இருப்பது இது ஒன்றுதான்: இந்தமுறை நான் வாய் திறக்க, யாரும் என் முன்னால் வந்து நின்று கேட்கவேண்டியிருக்கவில்லை.