இருபதாவது புத்தகம்

செங்கம் ரோட்டில் ரேணுகாம்பாள் பன்னிரண்டு வருடமாக டைப்பிங், பைண்டிங் கடை நடத்துகிறாள். கல்லூரிப் பிள்ளைகள் ப்ராஜெக்டை எழுதிக் கொண்டுவருவார்கள். கடைசிப் பக்கத்துத் துணைநூல் பட்டியலை மட்டும் எழுத மாட்டார்கள். “சீனியரோடதுல இருக்கறதையே போட்டுடுங்கக்கா” என்பார்கள்.

ஒருமுறை, மல்லாட்டை என்று ஊரில் சொல்லும் நிலக்கடலைச் சாகுபடி பற்றி எழுதியவனிடம் பேராசிரியர் இருபது நூல்கள் கேட்டிருந்தார். சீனியரின் பட்டியலில் பத்தொன்பதுதான் இருந்தது. பவுர்ணமி கிரிவலக் கூட்டத்தில் பஸ் கிடைக்காது என்று அவன் பாதியில் ஓடிவிட்டான். வந்த எரிச்சலில், ராசிபலனைத் தாண்டி எதையும் படிக்காத தன் வீட்டுக்காரர் சகாதேவன் பெயரில் ‘மல்லாட்டையின் வரலாறு’ என்று ஒரு நூலை அவளே உண்டாக்கிப் போட்டாள். அதற்குப்பின் வந்த ஒன்பது ப்ராஜெக்டுகளில் அந்த நூலும் ஏறிவிட்டது. ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

போன வாரம் கீழ்பென்னாத்தூரிலிருந்து வினோதினி என்ற மாணவி ஒரு சீனியரின் ப்ராஜெக்டோடு வந்தாள். மாவட்ட நூலகத்தில் தேடினாளாம், சென்னையிலும் விசாரித்தாளாம்.

“சகாதேவன் எழுதின புக்கு எங்கக்கா கெடைக்கும்?”

ரேணுகாம்பாளின் முகம் சுண்டிப்போனது. “அப்படி ஒரு புக்கே கெடையாதும்மா. இடத்தை ரொப்ப நான்தான் போட்டேன்.”

வினோதினி கோபப்படவில்லை. பட்டியலின் மேல்வரியில் விரலை வைத்து ஒவ்வொன்றாக இறங்கி வந்தாள்.

“அப்ப மீதி பத்தொன்பதை யாருக்கா போட்டாங்க?”