செவிலிமேட்டில் இருந்த சாவி

கல்யாணமான புதிதில் நாங்கள் சின்ன காஞ்சிபுரத்தில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். நான் முதலாளி வீட்டுத் தறியில் கூலிக்கு நெய்தேன். மனைவி வீட்டிலேயே ராட்டினத்தில் தார் சுற்றுவாள், ஊடைக்கான பட்டு நூலைக் குச்சியில் ஏற்றிக் கொடுக்கும் வேலை. சொந்தத் தறி போட வேண்டும் என்று மாதாமாதம் மிச்சம் பிடித்து ஒரு தகரப் பெட்டியில் வைத்தோம். பெட்டி எங்களிடம். அதன் சாவியை மட்டும் அவள் வெகுதூரம் நடந்து போக வேண்டிய செவிலிமேட்டில் இருந்த தன் அக்காவிடம் கொடுத்து வைத்தாள். ஏன் என்று கேட்டதற்குச் சிரித்தாள், அவ்வளவுதான்.

அறுபதுகளின் கடைசியில் எனக்கு ரேடியோ ஆசை வந்தது. கடையில் ஒன்றைப் பேசி முடித்துவிட்டு வந்து சொன்னேன். சண்டை வரும் என்று நினைத்தேன்.

"வாங்குங்களேன். அக்கா வீட்டுக்குப் போய் சாவி வாங்கிக்கினு வாங்க" என்றாள், கை ராட்டினத்தை விடாமல்.

அன்றே வெயிலில் நடந்தேன். அக்கா ரைஸ் மில்லுக்குப் போயிருந்தார். திரும்பி வரும் வழியில்தான், ரேடியோ வைத்திருந்தால் வருடாவருடம் தபாலாபீசில் லைசென்ஸ் பணம் வேறு கட்டணுமே என்று முதல்முறையாக யோசித்தேன். ஆனாலும் ஆசை விடவில்லை. அடுத்த வாரம் மறுபடி போனேன்.

அக்கா சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "நீயாவது கேட்டு வாங்குற தம்பி. அவ ரெண்டு தரம் வந்தா, கல் கம்மல் வாங்கணும்னு. ரெண்டு தரமும் சாவியைக் கேக்கவே இல்ல. தண்ணி குடிச்சிட்டுப் போய்ட்டா."

என்னைக் கட்டிப்போடத்தான் சாவியை இவ்வளவு தூரத்தில் வைத்திருக்கிறாள் என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டிருந்தேன். அவள் தனக்கும் சேர்த்தே வைத்திருக்கிறாள். இத்தனைக்கும் என்னிடம் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. நடக்க வைத்தாள், அவ்வளவே. பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு இது எங்கிருந்து தோன்றியது?

சாவியை அக்காவிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.

"கிடைச்சுதா?" என்றாள்.

"தண்ணி குடிச்சிட்டு வந்தேன்."

ராட்டினம் ஒரு கணம் நின்றது. தலை நிமிராமல் மறுபடி சுற்றத் தொடங்கினாள்.

அடுத்த ஆண்டு சற்றுப் பெரிய வீட்டுக்குக் குடிபோய், கூடத்தில் குழி வெட்டிச் சொந்தத் தறி போட்டோம். முதல் புடவையைக் கால்வாசி நெய்திருந்தபோது அவள் எதிரில் வந்து உட்கார்ந்து கரையை விரலால் தடவிப் பார்த்தாள். நான் புடவையைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.