ரெஜினாவின் பின்னல்

நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். பௌதிகம் படித்தவள் நான். விடுதியில் மற்றப் பிள்ளைகள் பேய்க்கதை தொடங்கினால் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு நித்திரையாகிவிடுவேன்.

எழுபதுகளில், கொழும்பில் பல்கலைக்கழகப் பெண்கள் விடுதியில், மன்னாரிலிருந்து வந்த ரெஜினாவும் நானும் மூன்று வருடம் ஒரே அறை. ஒரு சனிக்கிழமை காலையில் அவள் கொட்டாஞ்சேனையில் மாமி வீட்டுக்குப் போனாள். பகல் இரண்டு மணி இருக்கும், நல்ல வெயில், நான் மேசையில் குனிந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. ரெஜினா வந்து எனக்கு முதுகைக் காட்டியபடி தன் கட்டிலில் உட்கார்ந்தாள். முடி ஈரமாக அவிழ்ந்து கிடந்தது.

"என்னடி, அதுக்குள்ள வந்திட்டாய்?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மாமியோடு ஏதோ மனஸ்தாபமாக்கும் என்று நினைத்து, வழக்கம்போல அவளுக்குப் பின்னால் உட்கார்ந்து பின்னத் தொடங்கினேன். நம்பினால் நம்புங்கள், அந்த முடியின் பாரம் இப்போதும் என் விரல்களில் இருக்கிறது. பின்னி முடித்து ரிப்பன் எடுக்க அலுமாரிப் பக்கம் திரும்பினேன், அவ்வளவுதான், பார்த்தால் கட்டில் வெறுமை. கீழே போயிருப்பாள் என்று மறுபடி கணக்கில் இறங்கிவிட்டேன்.

ஐந்து மணிக்கு ரெஜினா பையோடு உள்ளே வந்தாள்.

"திரும்ப எங்கை போனனீ?"

"இப்பதானே பஸ்ஸால இறங்கி வாறன்."

நடந்ததைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துப்போனது. அடுத்த வாரமே அறையை மாற்றிக்கொண்டாள். என்னைக் கண்டால் வேறு வழியாகப் போனாள். எனக்கு விசர் பிடித்துவிட்டதென்று நினைத்துவிட்டாள் என்று எத்தனை நாள் அழுதிருப்பேன்.

பல வருடம் கழித்து வெள்ளவத்தைச் சந்தையில் மரக்கறி வாங்கும்போது அவளே வந்து என் கையைப் பிடித்தாள்.

"உன்னில கோவமில்லையடி. பயம்."

அன்று இரண்டு மணிக்கு மாமி வீட்டில் தலைக்கு முழுகிவிட்டுப் படுத்திருந்தாளாம். யாரோ தலை பின்னுவது தெரிந்ததாம், எழும்ப முடியவில்லையாம். கண் விழித்தால் முடி பின்னியிருந்ததாம், வீட்டில் ஒருவரும் இல்லையாம். அதை அவிழ்த்துவிட்டுத்தான் விடுதிக்கு ஓடி வந்திருக்கிறாள்.

"நீ சொன்னவுடன பின்னினது நீயெண்டு விளங்கிட்டுது. அதுக்குப் பயப்பிடேல்லை." குரலைத் தாழ்த்தினாள். "நீ ரெண்டு கையாலயும் பின்னேக்க, எழும்ப விடாம இன்னொரு கை என்ர நெத்தியை அமத்திக்கொண்டிருந்தது. அது ஆர்ர கை?"

நான் ஒருவரையும் காணவில்லை. ஆனால் அன்று அந்தக் கட்டிலுக்கு முன்னால் யார் நின்றிருந்தாலும், அவள் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தபடிதான் நின்றிருக்க வேண்டும்.