டீச்சரின் மணல் மூட்டை

தஞ்சாவூர்ப் பூங்காக் குளத்தில் அன்னப் படகுகளுக்கு ஆள் ஏற்றி இறக்குவது காளியம்மாளின் வேலை. பதினோரு வருஷமாக ஊரிலுள்ள ஜோடிகளுக்கெல்லாம் லைஃப் ஜாக்கெட் மாட்டிவிடுகிறாள். அந்தப் படகை இரண்டு பேர் உட்கார்ந்து மிதிக்க வேண்டும். ஒற்றை ஆள் ஏறினால் ஒருபக்கம் சாய்ந்துகொண்டு நின்ற இடத்திலேயே சுற்றும். அதனால் தனியாக வருகிறவர்களுக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு மணல் மூட்டையைத் தூக்கி வைப்பாள். யூரியா சாக்கில் அவளே தைத்தது.

அப்படித் தவறாமல் வருகிறவர் பூர்ணிமா டீச்சர் ஒருவர்தான். ரிட்டயராகி, பிள்ளைகளும் வெளிநாடு போனபின், புதன்கிழமை தோறும் வந்துவிடுவார். காளியம்மாளுக்கும் வீட்டில் பேச ஆளில்லை. புருஷன் போய் ஆறு வருஷம். டீச்சர் குளத்தைச் சுற்றும் அரைமணி நேரமும் கரையிலேயே நின்று பார்ப்பாள். சொன்னால் சிரிப்பார்கள், அந்த மூட்டையைப் பார்த்து அவளுக்கு வயிறெரிந்தது.

ஒரு புதன்கிழமை மூட்டையை டிக்கெட் அறைக்குள் ஒளித்துவைத்தாள்.

"மூட்டை கிழிஞ்சு போச்சு டீச்சர். இன்னிக்கு நானே பக்கத்துல உக்காந்துக்கறேங்க."

டீச்சர் படகைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"பரவால்ல காளியம்மா. தெச்சு வையி, அடுத்த வாரம் வர்றேன்." சிரித்த முகமாகத்தான் சொல்லிவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் காளியம்மாள் கோணி ஊசியை எடுத்து வைத்துக்கொண்டு, நல்ல மூட்டையை பிளேடால் ஒரு முழம் கிழித்தாள். பிறகு, டீச்சர் கண்ணில் படுகிற மாதிரி சிவப்பு நூலால் தைக்க ஆரம்பித்தாள்.