மச்சானின் துவக்கும் பெரிய தோட்டாவும்

துவக்குச் சத்தமே வேண்டாமென்று ஜெர்மனிக்கு வந்தவன் நான். இங்கே எனக்குக் கிடைத்த வேலை துவக்கு வெடிக்க வைப்பது. துவக்குகளைச் சோதித்து முத்திரை குத்தும் அரச அலுவலகம் ஒன்றில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். துவக்கை இரும்புப் பிடியில் இறுக்கி, வழமையை விட அழுத்தம் கூடிய தோட்டாக்களைப் போட்டு, தடித்த சுவருக்கு இப்பால் நின்று வெடிக்க வைப்போம். தாங்கினால் முத்திரை. சிதறினால் கூட்டி அள்ளுவோம். ஊரிலுள்ள சொந்தங்களுக்கு ஏதோ ஒஃபீஸ் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மனைவியின் தமையன் ஸ்டுட்கார்ட்டில் பஸ் ஓட்டுகிறார். ஐம்பது வயதில் அவருக்குக் கௌபாய் ஆசை பிடித்தது. தொப்பி போட்டுச் சுடுகிற சங்கமொன்றில் சேர்ந்து, பரீட்சை எழுதி, முறைப்படி அனுமதி எடுத்து, லீவர் துவக்கு ஒன்று வாங்கினார். நூற்றைம்பது வருடப் பழைய வடிவம், புதிதாகச் செய்தது. கைப்பிடியைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். அத்தோடு நின்றிருந்தால் நானும் கைதட்டியிருப்பேன். மனுசன் அதற்கு இந்தக் காலத்துப் பெரிய தோட்டா போகிற குழல் மாற்றுவித்தார்.

“புது இரும்பு மச்சான். என்னத்தையும் தாங்கும்.”

“இரும்பு புதுசு. பூட்டு பழசு,” என்றேன்.

வெடிக்கும்போது தோட்டா பின்னால் வராமல் பிடித்துக்கொள்வதுதான் பூட்டு; முழங்கால் மாதிரி மடங்கி நிமிரும் ஓர் அமைப்பு. அந்தக் காலத்து மெல்லிய தோட்டாவுக்கென்று யோசித்தது. எந்த நல்ல இரும்பில் செய்தாலும் முழங்கால் முழங்கால்தான். அது விட்டுவிட்டால் பின்னால் இருப்பது சுடுகிறவரின் முகம்.

“உங்கட கண் போகும்,” என்று நேராகவே சொன்னேன்.

“உனக்கு உந்த வேலையால வந்த பயம்,” என்றார்.

குழல் மாற்றினால் திரும்பவும் சோதிப்பிக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் நேரம் குறித்து டெர்மின் எடுத்து, விஜயதசமிக்கு அடுத்த நாள் வந்தார். துவக்கை மேசையில் வைத்ததும் அலுவலகமே எழும்பி வந்து பார்த்தது. குழலில் மூன்று குறி சந்தனம். பூட்டு இருக்கும் பெட்டியில் பெரிய குங்குமப் பொட்டு. ஓட்டுகிற பஸ்ஸுக்கு வைக்க விடமாட்டார்கள் என்று ஆயுத பூசையை இதற்குச் செய்திருக்கிறார். இரும்பில் குங்குமம் ஒட்டவில்லையாம். துவக்கு எண்ணெயில் குழைத்துப் பூசினாராம்.

சொந்தக்காரரின் துவக்கை நான் தொடக் கூடாது. மேலதிகாரி அம்மா கையுறை போட்டு, முகத்தில் ஒன்றும் காட்டாமல் பொட்டைத் துடைத்தார். மயிரளவில் ஒரு சிவப்புக் கோடு மட்டும் போகவில்லை. இன்னொரு துணியால் துடைத்தார். கோடு இருந்தது. விரிசல் பார்க்க நாங்களும் சிவப்புத் திரவம் பூசித் துடைப்போம்; விரிசலுக்குள் இறங்கியது மட்டும் துடைபடாது. போத்தலில் வாங்குகிறோம்.

“உங்கள் மச்சான் எங்கள் வேலையில் பாதியைச் செய்துவிட்டார்,” என்றார் அவர். வெடிக்க வைத்துப் பார்க்கவே இல்லை. நிராகரிப்பு என்று எழுதிக் கையெழுத்து வைத்தார்.

புதுத் துவக்கில் விரிசல் தானாக வராது. கார் நிறுத்துமிடத்தில் மறித்தேன்.

“எத்தினை வெடி வைச்சனீங்கள்?”

சப்பாத்தைப் பார்த்தார். “பத்துப் பன்ரண்டு.”

முத்திரைக்கு முன் சுடுவது குற்றம். உத்தியோகத்தில் இருப்பவன் என்ற முறையில் அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே சொன்னார்:

“கடைசி ரண்டும் தங்கச்சி. போன சனிக்கிழமை, நீ வராத அண்டைக்கு, சங்கத்தில ஆக்களைக் கூப்பிட்டு இறைச்சி வாட்டினவை. நான்தான் கன்னத்தை நல்லா ஒட்டிப் பிடியெண்டு காட்டிக் குடுத்தனான்.”

அவருடைய தங்கச்சி என்றால் என் மனைவி. எனக்கு அவரை அடிக்கக் கை வந்தது. அவருடைய காரிலேயே சாய்ந்து நின்றேன். அவர் அழுதார். ஒரு நல்ல வார்த்தை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வீட்டில் அவள் வெங்காயம் வதக்கிக்கொண்டிருந்தாள். “அண்ணையின்ர துவக்குக்கு முத்திரை கிடைச்சுதோ?” என்று கேட்டாள்.

“இல்லை.”

“பாவம் மனுசன்.”

நான் அவள் முகத்தைப் பார்த்தபடி நின்றேன். வலது கண்ணுக்குக் கீழே ஒரு சின்ன மறு. கலியாணம் கட்டி இருபத்திரண்டு வருடம். அன்றுதான் அதைக் கண்டேன்.

“என்னப்பா, புதுசாப் பாக்கிறியள்?” என்றாள்.